இரும்பு ராஜாவின் காது

நீங்கள் நான்கு பேரும் காப்பக வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொல்லி மூன்று மாதமாகக் காப்பகத்தார் என்னை நச்சரிக்கிறார்கள். உட்கார்ந்து எழுதுவது என் சுபாவத்திலேயே இல்லை. இந்த நாலு வரிக்குள் இரண்டு தடவை எழுந்து ஜன்னல் வரை போய்வந்துவிட்டேன். கீழே லா ஷப்பலில், நம் தமிழ்க் கடைத்தெருவில், வெள்ளிக்கிழமைக் கூட்டம். முருங்கைக்காய்க் கட்டோடு ஓர் அம்மா பேருந்துக்கு ஓடுகிறார். முருங்கைக்காயைப் பார்த்தால் இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பழைய படங்களை எப்படித் துடைப்பது, எந்தத் தாளில் சுற்றுவது என்பதையெல்லாம் உங்களுக்கு வகுப்பில் சொல்லித் தந்திருப்பார்கள். அதில் நான் வாயைத் திறக்கப்போவதில்லை. சர்க்கஸுக்கும் சந்தைத்திடல் வேடிக்கைகளுக்கும் என்றே இருந்த ஒரு சின்ன அருங்காட்சியகத்தில் முப்பது வருடம் நான் செய்தது ஒரே வேலை. படத்துக்குக் கீழே வைக்கிற சீட்டை எழுதுவேன். படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், என்ன செய்கிறார். மொத்தமே மூன்று வரி. அந்த மூன்று வரியில் ஒருவருடைய தகப்பனையே மாற்றிவிடலாம். நான் மாற்றினேன்.

எங்கள் தலைவி என்னைவிடப் பத்து வயது சின்னவர், பிரெஞ்சுக்காரி. பெயர் போட்டால் அவருக்குப் பிடிக்காது, விட்டுவிடுகிறேன். சீட்டு முதலில் பென்சிலில்தான் எழுதப்படவேண்டும் என்பது அவர் சட்டம். எழுதிக் கொடுத்தால் ஓரத்தில் இரண்டே சொல் கிறுக்கித் திருப்பி அனுப்புவார்: யார் சொன்னது? ஒரு சீட்டு ஏழு தடவைகூடப் போய்வந்திருக்கிறது. அந்த அம்மாளை மனதுக்குள் நான் திட்டாத திட்டு இல்லை.

பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன், இரண்டு உலகப் போர்களுக்கு நடுவில் இங்கே கூடாரம் கூடாரமாக ஆடிய பலசாலிகளைப் பற்றி ஒரு கண்காட்சி ஏற்பாடானது. அந்தக் காலத்து ஜனங்களுக்குப் பலம் மட்டும் போதாது, பலசாலி தூரதேசத்திலிருந்தும் வந்திருக்கவேண்டும். பக்கத்துத் தெருக் கசாப்புக்கடைக்காரன் பளு தூக்கினால் யார் டிக்கெட் வாங்குவார்கள்? அவன் தலையிலேயே ஒரு துருக்கித் தொப்பியைக் கவிழ்த்து, சுல்தானின் காவல்காரன் என்று சொன்னால் கூடாரம் நிரம்பிவிடும். கரி மூட்டை சுமந்தவன் ரோமாபுரி வீரன் ஆனான், படகு இழுத்தவன் எகிப்து தேசத்தவன் ஆனான். தூக்கிய எடையில் பாதியாவது நிஜமாக இருக்கும், ஊர் பெரும்பாலும் பொய். இதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். தெரிந்திருந்தும் தொப்பென்று விழுந்தேன்.

ஒரு நாள் படப்பெட்டி ஒன்றைப் பிரித்தபோது அவர் வந்தார். இடுப்பில் சிறுத்தைத்தோல், தலையில் முண்டாசு, இரண்டு கையிலும் அறுந்த சங்கிலி, கருத்துப் பளபளக்கிற உடம்பு. "இந்துஸ்தானத்தின் இரும்பு ராஜா" என்று அடியில் பிரெஞ்சில் அச்சடித்திருந்தது. பூதக்கண்ணாடியை எடுத்து முகத்தின் மேல் வைத்தேன். இரண்டு காது மடலிலும் துளை இருந்தது.

நான் புதுச்சேரிக்காரன். மூன்று வயதில் மொட்டையடித்து, மாமா மடியில் உட்காரவைத்து எனக்குக் காது குத்தினார்கள். அந்தத் துளை இன்னும் தூர்ந்துபோகவில்லை. படத்தைப் பார்த்துக்கொண்டே என் காதைத் தடவினேன். நம்ம ஆள்! இத்தனை வருடம் பொய் ராஜாக்களுக்கும் பொய் சுல்தான்களுக்கும் சீட்டு எழுதிக் கை ஓய்ந்துபோன எனக்கு, நிஜமாகவே ஒரு தமிழன் கிடைத்துவிட்டான். நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை. முண்டாசு கட்டியிருந்த லட்சணம் மகா மோசம், ஆஸ்பத்திரியில் மண்டைக்குக் கட்டுப்போட்ட மாதிரி. அதையும் கவனித்தேன். யாரோ வெள்ளைக்காரன் கட்டிவிட்டிருப்பான் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

"தென்னிந்தியர், அநேகமாகத் தமிழர்" என்று பென்சிலில் எழுதிக் கொடுத்தேன். யார் சொன்னது என்று சீட்டு திரும்பி வந்தது. நேரே அவர் அறைக்குப் போய், "காது சொன்னது" என்றேன். தலைவி சிரித்துவிட்டு, "வேறு யாராவது சொல்லும்வரை ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்கள்" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு போட்டேன்.

இனி லூர்துமேரி அம்மா. காரைக்காலில் பிறந்தவர், அப்போது எண்பதைத் தொடும் வயது, திரான்சி புறநகரில் மகன் வீட்டில் இருந்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் காய்கறி வாங்க லா ஷப்பலுக்கு வருவார். நானும் வருவேன், அப்படித்தான் பழக்கம். அவர் தாய் வயிற்றில் இருந்தபோதே தகப்பனார் சவரிமுத்து கப்பலேறி பிரான்சுக்கு வந்துவிட்டார். சர்க்கஸில் பலசாலி வேலை என்று ஒரு கடிதம் போட்டார். அதற்குப் பிறகு தகவலே இல்லை. சர்க்கஸில் யானைச் சாணி அள்ளினான் என்று ஊரில் சிரித்தார்கள். வெள்ளைக்காரியோடு ஓடிவிட்டான் என்றும் சொன்னார்கள். வீட்டில் அவர் படம் ஒன்றுகூடக் கிடையாது. என் வேலை என்ன என்று தெரிந்த நாளிலிருந்து அந்த அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்றையே கேட்பார்.

"தம்பி, எங்கப்பா மூஞ்சி எங்கயாச்சும் ஆப்புட்டுச்சா? ஒரே ஒரு வாட்டி பாத்துட்டா போதும் எனக்கு."

அந்த வெள்ளிக்கிழமை இரும்பு ராஜாவின் பிரதி என் பையில் இருந்தது. தலைவியிடம் கேட்காமல் எடுத்தது. சீட்டில் கேள்விக்குறி இருந்தது, காய்கறிக் கடையில் நான் கேள்விக்குறி போடவில்லை. "அம்மா, இதோ உங்கள் அப்பா" என்று கையில் கொடுத்தேன்.

முருங்கைக்காய்க் கட்டை அப்படியே தரையில் போட்டார். இரண்டு கையாலும் படத்தைப் பிடித்துக்கொண்டார்.

"நெஞ்சப் பாருங்க தம்பி, நெஞ்ச! என் சின்ன மவனுக்கு இதே நெஞ்சுதான். ராஜாவா நிக்கிறாரே எங்கப்பா! சாணி அள்ளுனாருன்னு சொன்னாங்களே..."

கல்லாவில் இருந்த யாழ்ப்பாணத்து அக்கா எட்டிப் பார்த்தார். "ஓம் அம்மா, அச்சு அசல் உங்கடை மூக்குத்தான். பாருங்கோவன், இஞ்சை நெத்தியும் அப்பிடியே கிடக்கு" என்றார். வரிசையில் நின்றவர்களும் ஆளுக்கொரு உறுப்பைப் பொருத்திப் பார்த்து ஆமோதித்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது.

பிறகு என்ன? திரான்சி வீட்டின் கூடத்தில் ராஜாவுக்குச் சட்டம் போட்டார்கள், மல்லிகைச் சரம் போட்டார்கள், பக்கத்தில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் சவரிமுத்து ஆன்மாவுக்காகப் பூசை நடந்தது. பிரதிகள் காரைக்காலுக்குப் பறந்தன. கண்காட்சி தொடங்குகிற அன்று உறவினர் எல்லோரும் வருவதற்கு ஒரு பேருந்தே பேசியிருப்பதாக அம்மா சொன்னார்.

தொடங்குவதற்கு மூன்று வாரம் இருக்கும்போது நகராட்சியின் பழைய காகிதக் கட்டு ஒன்று வந்தது. இரும்பு ராஜா ஆடிய குழு ஒரு குளிர்காலத்தில் இதே லா ஷப்பல் பெருவீதியில் கூடாரம் போட அனுமதி கேட்டிருக்கிறது. அதற்காகக் கொடுத்த ஆட்களின் பட்டியல் அதில் இருந்தது. மேடைப் பெயர், நிஜப் பெயர், பிறந்த ஊர், கடைசியில் அவரவர் கையெழுத்து. மேலிருந்து மூன்றாவது வரி: இரும்பு ராஜா. நிஜப் பெயர் ஈவ். பிறந்தது பிரான்சிலேயே, பிரெத்தாஞ் கடற்கரை. முன்னாள் தொழில், கப்பல் மாலுமி.

பக்கத்து மேசைக்காரரிடம், "மாலுமிகள் காது குத்திக்கொள்வார்களா?" என்று கேட்டேன். "அந்தக் காலத்தில் அது சகஜம்" என்றார், தலையைக்கூட நிமிர்த்தாமல். கருப்புக்கும் விளக்கம் கொடுத்தார். அக்ரூட் தோலை ஊறவைத்த சாயத்தை உடம்பெல்லாம் பூசிக்கொள்வார்களாம். எழுந்து வெளியே போய் மாடிப்படிகளில் ஏறி இறங்கினேன். எத்தனை தடவை என்று தெரியாது.

திரும்பி வந்து மீதிப் பட்டியலைப் பார்த்தேன். எட்டாவது வரி. வித்தை: மனிதப் பாலம். சுமப்பவர்: சவரிமுத்து, காரைக்கால். எதிரே கோணல்மாணலான தமிழ் எழுத்தில் கையெழுத்து.

மனிதப் பாலத்தின் படம் எங்களிடம் ஏற்கெனவே இருந்தது. எத்தனையோ வருடத்துக்கு முன் நானே பதிவு செய்தது. ஒருவர் மல்லாந்து வளைந்து கையையும் காலையும் தரையில் ஊன்றியிருக்கிறார், அவர் மேல் அகலமான பலகை, பலகையின் ஓரமெல்லாம் கொடித்துணி தொங்குகிறது. துணிக்குக் கீழே இரண்டு பாதமும் இரண்டு புறங்கையும் மட்டும் தெரியும். என் சீட்டைத் தேடி எடுத்தேன். "மனிதப் பாலம். பலகை மீது ஒன்பது பேரும் ஒரு மட்டக்குதிரையும்." அவ்வளவுதான். குதிரையை எழுதியிருக்கிறேன், கீழே இருந்தவரைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை. அன்றைக்கு எனக்கு என்னையே பிடிக்காமல் போயிற்று.

இந்த இடத்தில் நான் செய்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், நீங்களும் ஒரு நாள் செய்யத்தான் போகிறீர்கள். ஓடி ஒளிந்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை லூர்துமேரி அம்மா தூரத்தில் வருவதைப் பார்த்ததும் சட்டென்று ஒரு சலூனுக்குள் நுழைந்து முடி வெட்டிக்கொண்டேன். அதற்கடுத்த வாரமும் அதே சலூன், அதே நாற்காலி. முடி திருத்துபவர் துணியைப் போர்த்தாமல் கண்ணாடியில் என்னையே பார்த்தார்.

"என்ன அண்ணை, போன கிழமைதானே வெட்டினனீங்கள்? இனி வெட்டுறதுக்கு உங்கை என்ன கிடக்கு?"

"சும்மா கொஞ்சம் ஓரத்தில்..."

"ஆருக்கு ஒளிக்கிறியள் எண்டு சொல்லுங்கோ, நான் கதவைச் சாத்திவிடுறன். தலையைப் பாவம் விட்டிடுங்கோ."

முகம் காதுவரை சிவந்துபோயிற்று. துளையுள்ள அந்தக் காது வரைக்கும்தான்.

ஒளிந்தபடியே ஒரு வக்கீலைப்போல எனக்காக நானே வாதாடினேன். எண்பது வயசுக்காரி, சந்தோஷமாக இருக்கிறார், எத்தனை வருடம் இருக்கப்போகிறார்? ராஜாவைப் பிடுங்கிக்கொண்டு பதிலுக்கு எதைக் கொடுப்பது, இரண்டு பாதத்தையா? சீட்டில் மட்டும் சரியாக எழுதிவிடலாம், பிரெஞ்சுச் சீட்டை யார் உட்கார்ந்து படிக்கப்போகிறார்கள்? ஆனால் அந்த அம்மா காரைக்காலில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். தமிழ் பேசுவார், எழுதப் படிக்கத் தெரியாது, பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடு. முதல் ஆளாக அவர்தான் படிப்பார், உறவுக்காரர்கள் சூழ நின்றுகொண்டு.

கடைசியில் தலைவியிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன். பட்டியலை ஒருமுறை படித்தார், என் பழைய சீட்டைப் படித்தார். அதில் அவர் கையெழுத்தும் இருந்தது.

"சீட்டை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். அந்த அம்மாவிடம் இன்றைக்கே போங்கள். தொலைபேசியில் சொல்லாதீர்கள். இந்தச் சவரிமுத்து அவருடைய சவரிமுத்துதான் என்று யார் சொன்னது?"

"கையெழுத்து இருக்கிறதே."

"அதோடு ஒப்பிட அவரிடம் ஏதாவது இருக்கிறதா?"

கடிதம்! சவரிமுத்து போட்ட அந்த ஒரே கடிதத்தைப் பற்றி எத்தனை தடவை அந்த அம்மா சொல்லியிருப்பார். காட்டுங்கள் என்று ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. என் காதே எனக்குப் போதுமாக இருந்தது.

திரான்சி வீட்டில் ராஜாவுக்கு எதிரேதான் என்னை உட்காரவைத்தார். காப்பி வந்தது, தொடவில்லை. சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன் என்று நினைக்கிறேன், உட்கார்ந்தபடி சொன்னேனா நின்றுகொண்டா என்று ஞாபகமில்லை. அம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இவர் யாரு?"

"ஒரு மாலுமி. பிரெத்தாஞ்காரர்."

"எங்கப்பா?"

பாலத்தின் படத்தைக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் தேடினார். குதிரையைப் பார்த்தார், கொடி பிடித்த பெண்களைப் பார்த்தார். நான் விரலால் கீழே காட்டினேன்.

"மூஞ்சி இல்லியா?"

"இல்லைம்மா."

கடிதத்தைக் கேட்டேன். பூசைப் புத்தகத்தின் நடுவிலிருந்து எடுத்துவந்தார். மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருந்தது. அவர் தாயாருக்கும் எழுத்து தெரியாது. வந்த நாளில் கோவில் உபதேசியார் ஒருவர் முதல் நாலு வரியைப் படித்துச் சர்க்கஸ் என்று சொன்னதும், வீட்டில் ஒரே கலவரமாகி, தாயாரின் மாமியார் பிடுங்கி வைத்துவிட்டாராம். "அதுக்கப்புறம் படிக்கச் சொல்ல எங்கம்மாவுக்குப் பயம். வேற பொம்பள விஷயம் இருக்குமோன்னு. அப்புறம் எனக்கும் அதே பயம்" என்றார்.

கையெழுத்தை முதலில் பார்த்தேன். பட்டியலில் இருந்த அதே கோணல், அதே இழுப்பு. பிறகு சத்தமாகப் படித்தேன். உடம்பு நலம், குளிர் அதிகம், சர்க்கஸ் கம்பெனியில் பலசாலி வேலை. அதற்குக் கீழே, யாருமே படிக்காத பாகம்:

"ராஜா வேஷம் கட்டினவனைத்தான் சனங்கள் பார்க்கிறார்கள். எனக்குப் பலகைக்குக் கீழே வேலை. என் முகத்தை ஒருத்தரும் பார்ப்பதில்லை. ஆகையால் கூத்தாடி பெண்சாதி என்று உன்னை யாரும் சொல்ல முடியாது, நீ தைரியமாக இரு. நான் வரத் தாமதமானால் பிறக்கிற பிள்ளைக்கு நீயே பெயர் வை."

அம்மா கடிதத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"வேற பொம்பள இல்லியா?"

"இல்லைம்மா."

"அவ்ளோதானா? இதுக்கா பயந்துகிட்டுக் கெடந்தாங்க எங்கம்மா? இத கேக்காமலே போயிட்டாங்களே, தம்பி." அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். கோபம் வந்துவிட்டது, வரவேண்டிய கோபம்தான். "எங்கிட்ட இந்தக் கடுதாசி இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியும். நீங்க தமிழ் படிச்சவரு. ஏன் அப்பவே கேக்கல?"

தலைவியின் எந்தக் கேள்விக்கும் ஏதோ ஒரு பதில் சொல்லிச் சமாளித்தவன் நான். இந்தக் கேள்வியைச் சமாளிக்கப் பார்க்கவில்லை. "எனக்கு என் ஆசையே போதுமாக இருந்துவிட்டது, அம்மா. மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றேன். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, கடைசிவரை சொல்லவே இல்லை.

எழுந்துபோய் மல்லிகைச் சரத்தைக் கழற்றினார், சட்டத்தைச் சுவரிலிருந்து இறக்கி என் கையில் கொடுத்தார். "இவரையும் யாராச்சும் தேடிட்டு இருப்பாங்க. எடுத்துட்டுப் போங்க." காரைக்காலுக்கு அவரே பேசினார். எல்லோரும் கழற்றிவிட்டார்கள், ஒரு சின்னம்மா மகளைத் தவிர. பார்க்க நன்றாக இருக்கிறார், இருந்துவிட்டுப் போகட்டும் என்றாராம். அந்த வீட்டில் இன்றைக்கும் ஈவ் மாலையோடு தொங்குகிறார். என் தவறுகளில் என்னால் அழிக்க முடியாமல் மிஞ்சியது அது ஒன்றுதான்.

பாலத்தின் சீட்டைப் புதிதாக எழுதினேன். சவரிமுத்து, காரைக்கால். பலகையையும் ஒன்பது பேரையும் ஒரு மட்டக்குதிரையையும் சுமக்கிறார். தலைவி ஓரத்தில் ஒன்றும் கிறுக்காமல் கையெழுத்துப் போட்டார். சர்க்கஸ் வேலைக்குப் பிறகு சவரிமுத்து எங்கே போனார், எங்கே அடக்கமானார் என்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. நான் ஓய்வுபெற்றும் தேடுகிறேன். நீங்களும் கண்ணில் பட்டால் சொல்லுங்கள், முதலில் பென்சிலில்.

தொடக்க நாளன்று பேருந்து வராது என்று நினைத்தேன். வந்தது. அம்மா பட்டுப்புடவை கட்டி, யாரையும் பார்க்காமல் நேரே அந்தப் படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். பெரிய படமில்லை, கையகலம்தான். பார்வையாளர்கள் வந்து மட்டக்குதிரையைக் காட்டிச் சிரித்துவிட்டு அடுத்த படத்துக்கு நகரப் பார்த்தார்கள். அம்மா ஒவ்வொருவருடைய முழங்கையையும் லேசாகத் தொட்டார்.

"கீழே பாருங்கள், முசியே" என்றார், சுத்தமான பிரெஞ்சில். "கீழே பாருங்கள், மதாம். எங்கள் அப்பா."

எங்கள் தலைவி வந்தபோதும் அவர் யார் என்று தெரியாமல் அம்மா அதையே சொன்னார். பாதமும் கையும் படத்தில் அத்தனை சின்னவை, நின்றபடி பார்த்தால் தெரியாது. தலைவி குனிந்தார். பின்னால் வரிசையில் நின்றவர்களும் ஒவ்வொருவராகக் குனிந்தார்கள்.